மடை திறந்த பிறகும்

(கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் இருதய மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூடுகையில் நான் பேசி முடித்துக் கீழே இறங்கியபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "டாக்டர், என் தம்பிக்கு மாரடைப்புன்னு டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்டென்ட் வச்சோம். அடைப்பை எடுத்தாச்சுன்னு படத்தையே போட்டுக் காட்டினாங்க. குழாய் நல்லாத் திறந்துதான் இருந்திச்சு, நானும் பார்த்தேன். ஆனா மூணாம் நாள் போயிட்டான். குழாய் திறந்திருந்தா எப்படிங்க போவான்?"

அவருக்கு அன்று நான் சொன்னது, "இருதயம் ரொம்பப் பலவீனமாயிருந்திருக்கும் ஐயா" என்பதுதான். வண்டியில் ஏறின பிறகு அது பதிலே அல்ல என்று என் மனது என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. அவர் கேட்டது இருதய வைத்தியத்தில் இன்றைக்கும் முழுவதும் தீராத ஒரு கேள்வி. ஆகையால் இந்த முறை பேச அழைத்தபோது, வேறெதுவும் வேண்டாம், அந்த ஐயாவுக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதிலைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அவர் இன்றும் வந்திருக்கிறார். கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள்.

முதலாவது, இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு என்கிறோமே, அது என்ன? குழாயில் அழுக்குப் படிந்து, வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்புப் பிடித்ததுபோல் சுருங்கிப்போகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். நாங்களும் அவசரத்தில் அப்படித்தான் படம் போட்டுக் காட்டுகிறோம். அது பாதி உண்மைதான். கொழுப்பு குழாயின் உட்சுவருக்கு மேலே படிவதில்லை. சுவருக்கு உள்ளேயே புகுந்து தங்குகிறது. நம் வீட்டுக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மாவுத் தோல், உள்ளே பூரணம். சிலருடைய அடைப்பில் தோல் தடித்து, பூரணம் குறைந்து, சில இடங்களில் சுண்ணாம்பே கட்டி, கல்லுப்போல் இருக்கும். அது குழாயைச் சுருக்கும். நடந்தால் நெஞ்சு வலிக்கும். ஆனாலும் பல வருஷம் அப்படியே கிடக்கும். வேறு சிலருக்குத் தோல் மிக மெல்லிசாய், உள்ளே கொழுப்பு கூழாய் நிறைந்திருக்கும். அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாய்ப் பிரித்தால் அதில் 65 பங்குக்கும் குறைவு. தலைமயிர் ஒன்றின் கனம்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாம் வகைதான் பொல்லாதது. வலியே இல்லாமல் இருந்து, ஒருநாள் தோல் கிழிந்துவிடுகிறது. உள்ளேயிருக்கும் கொழுப்பு ரத்தத்தில் பட்டவுடன் அங்கே ரத்தம் உறைகிறது. குழாய் அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு.

இது வயதானவர்களின் வியாதி என்று எண்ணவேண்டாம். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இருதயங்களை அறுத்துப் பார்த்து 1953-ல் ஓர் அறிக்கை வெளியானது. சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதம் பேருக்கு இந்தப் படிவு ஏதோ ஒரு அளவில் தொடங்கியிருந்தது. ஓடி ஆடிய பிள்ளைகள்!

இனி ஸ்டென்ட் கதைக்கு வருவோம். ஆண்ட்ரியாஸ் குருயென்ட்சிக் என்ற ஜெர்மானிய வைத்தியர், வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மெல்லிய குழாயின் நுனியில் சிறு பலூனைக் கட்டிக்கட்டிப் பார்த்தவர். 1977 செப்டம்பர் 16-ம் தேதி சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயக் குழாயில் அந்தப் பலூனை ஊதி அடைப்பை விரித்தார். 1986-ல் பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும், விரித்த இடம் திரும்பச் சுருங்காமல் இருக்க கம்பி வலைக்குழல் வைத்தார்கள், அதுதான் ஸ்டென்ட். அதே 1986-ல் நம் சென்னையில், டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் இந்தியாவிலேயே முதல் பலூன் சிகிச்சையைச் செய்தார். குருயென்ட்சிக்கிடம் நேரில் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். 2025 ஏப்ரலில் அவர் காலமானபோது, அவரிடம் கற்றுக்கொண்டவர்களும், அவர்களிடம் கற்றுக்கொண்டவர்களுமாக தேசமெங்கும் ஒரு பெரிய பரம்பரையே இருந்தது. ஆரம்பத்தில் இது பணக்காரர் வைத்தியம்தான். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்து, மருந்து பூசிய ஸ்டென்டை 29,600 ரூபாய்க்கும் சாதாரண ஸ்டென்டை 7,260 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஏழைக்கும் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் ஸ்டென்ட் மலிவாகிவிட்டதால், அது எளிதும் ஆகிவிட்டது என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள்.

மூன்று மில்லிமீட்டர் குழாய். அதற்குள் நூலிழை போன்ற கம்பியை ஓட்டி, அதன்மேல் பலூனை ஏற்றி, ஸ்டென்டை விரிக்கிறோம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் ஐந்து, ஆறு மடங்கு அழுத்தத்தில் அந்தப் பலூன் ஊதப்படுகிறது. இப்போது கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லான கொழுக்கட்டையை அழுத்தினால் விரியாது, அது ஒரு தொல்லை. கூழான கொழுக்கட்டையை அழுத்தினால்? பூரணம் பிதுங்கி வெளியே வரும். எங்கே போகும்? ரத்தம் ஓடுகிற திசையில், கீழே.

கோமுகி அணைப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மடையில் பெரிய அடைப்பு. ஆட்கள் இறங்கி ஒரே தள்ளாய்த் தள்ளித் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பாய்கிறது. ஆனால் தள்ளிய சேறும் சகதியும் அடித்துக்கொண்டு போய், கடைசி வயலுக்குப் போகும் சின்னச்சின்ன வாய்க்கால்களில் அடைத்துக்கொண்டது. மடைக்கு மேலே நின்று பார்ப்பவனுக்கு மடை அழகாய்த் திறந்திருக்கிறது. கடைமடைப் பயிர் காய்கிறது.

ஐயா, உங்கள் தம்பியின் படத்தில் நீங்கள் பார்த்தது மடையை. அவருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று அவருடைய காகிதங்களைப் பார்க்காமல் நான் சொல்லமுடியாது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு, "குழாய் திறந்திருந்தும் எப்படி" என்பதற்கு, பெரிய பதில் இதுதான். பெரிய குழாய் திறந்தும், அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கொழுப்புத் துணுக்கும் ரத்தக்கட்டித் துணுக்கும் போய் அடைத்து, தசைக்கு ரத்தம் சேராமல் போகலாம். ஒரு நுண்குழாயின் அகலம், மில்லிமீட்டரை ஆயிரமாய்ப் பிரித்தால் பத்துப் பங்குக்கும் குறைவு. அங்கே போய் எந்தக் கம்பியையும் விடமுடியாது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன், நான் ஒரு நகரத்தில் வேலை செய்தபோது, கல்வராயன் மலையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஐம்பது வயது இருக்கும். மரவள்ளியும் சாமையும் போடுகிறவர், பீடி பிடிக்கிறவர். விடியற்காலை வலி தொடங்கியிருக்கிறது. வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு பக்கத்து ஊர் ஜீப்புக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். மலை இறங்கி, ஒரு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்ல, பஸ் பிடித்து, எங்களிடம் வந்தபோது பத்து மணி நேரம் கடந்துவிட்டது. வழியில் அவர் ஓர் ஆஸ்பிரின் மாத்திரைகூட விழுங்கியிருக்கவில்லை.

உடனே கொண்டுபோனோம். இடப்பக்கத்து முக்கியக் குழாயில் அடைப்பு. கம்பி போனது, பலூன் போனது, ஸ்டென்ட் விரிந்தது. மானிட்டரில் ஒரு கணம் குழாய் முழுவதும் நிறைந்து தெரிந்தது. பக்கத்திலிருந்த சிஸ்டர் பெருமூச்சுவிட்டார். அடுத்த முறை மருந்தைச் செலுத்தினேன். குழாயில் பாதி தூரம் போன மருந்து, அங்கேயே நின்றுவிட்டது. போகவுமில்லை, திரும்பவுமில்லை. இ.சி.ஜி. மறுபடியும் எழும்பியது. ரத்த அழுத்தம் இறங்கியது. இதைத்தான் நாங்கள் 'நோ ரீஃப்ளோ' என்கிறோம். குழாய் திறந்தும் ஓட்டம் இல்லை. நுண்குழாய்கள் விரியும்படி உள்ளே மருந்து கொடுத்தோம், திரும்பத்திரும்பக் கொடுத்தோம். அரைமணி நேரத்தில் கொஞ்சம் ஓட்டம் வந்தது. முழுவதும் வரவில்லை.

அவர் பிழைத்தார். ஆனால் இருதயத்தின் முன்பக்கத் தசையில் பெரும்பகுதி போய்விட்டது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவருடைய மனைவி என்னைப் பார்த்து, "அடைப்பெல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே ஐயா, பாத்ரூமுக்கு நடந்தாலே ஏன் இப்படி இளைக்குது?" என்று கேட்டார். அதற்கும் நான் ஒழுங்காய்ப் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்கு விளங்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மடையையும் கடைமடையையும் அந்த அம்மாளைவிட நன்றாய் அறிந்தவர் யார்?

சரி, இதைத் தடுக்க வழி உண்டா?

மனிதன் முதலில் யோசிப்பது வடிகட்டி. சேறு கீழே போகாதபடி வலை கட்டிவிடலாமே! பைபாஸ் ஆபரேஷன் செய்தபோது காலிலிருந்து எடுத்து ஒட்டிய நரம்பில் பின்னாளில் அடைப்பு வந்தால், அங்கே இந்த உபாயம் பலித்தது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் பெரிய விபரீதங்கள் 16.5 சதவீதத்திலிருந்து 9.6 சதவீதமாய்க் குறைந்தன. ஆனால் இருதயத்தின் சொந்தக் குழாயில், கொழுப்பு நிறைந்த அடைப்பென்று பார்த்துத் தெரிந்துகொண்டே வடிகட்டி வைத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2015-ல் வந்தது. அதில் பிரயோஜனம் காணவில்லை. வலையை உள்ளே கொண்டுபோகிற கம்பியே வழியில் உரசத்தானே செய்கிறது! அடுத்து, உறைந்த ரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு ஸ்டென்ட் வைக்கலாம் என்றார்கள். 2008-ல் நெதர்லாந்திலிருந்து வந்த முடிவு மிக நம்பிக்கையாய் இருந்தது. நாங்களும் உற்சாகமாய் எல்லாருக்கும் உறிஞ்சினோம். 2013-ல் 7,000-க்கும் மேற்பட்டவர்களையும், 2015-ல் 10,000-க்கும் மேற்பட்டவர்களையும் வைத்துப் பார்த்தபோது, எல்லாருக்கும் வழக்கமாய்ச் செய்வதில் உயிர் லாபம் இல்லை என்றும், இரண்டாவது ஆய்வில் பக்கவாதம் சற்று அதிகமானது என்றும் தெரியவந்தது. இப்போது ரத்தக்கட்டி மிக அதிகமாய் இருக்கிற சிலருக்கு மட்டுமே செய்கிறோம். செய்த வைத்தியம் தவறென்று தெரிந்தால் அதை விட்டுவிட வேண்டும்; அது சொல்லுகிற அளவுக்கு எளிதல்ல.

குழாய்க்குள் போய்ப் பார்க்கும் கருவிகள் வந்திருக்கின்றன. நாங்கள் சாதாரணமாய் எடுக்கும் ஆஞ்சியோ படம் குழாயின் உட்புற நிழலைத்தான் காட்டும். சுவருக்குள் கல்லா கூழா என்று சொல்லாது. ஒளியைக்கொண்டு பார்க்கும் கருவி ஒன்று உண்டு. தோலின் கனத்தையே அளந்து சொல்லும். அகச்சிவப்புக் கதிரைக்கொண்டு கொழுப்பைக் கண்டுபிடிக்கும் இன்னொரு கருவிக்கு 2008-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொழுப்பு இருக்கும் இடம் படத்தில் மஞ்சளாய்த் தெரியும். பார்த்துவிட்டால் என்ன லாபம்? பலூனால் தேவைக்கு மேல் அடிக்காமல் இருக்கலாம். கொழுப்பின் நடுவில் ஸ்டென்டின் ஓரம் முடியாதபடி, நல்ல சுவரில் தொடங்கி நல்ல சுவரில் முடிக்கலாம். நுண்குழாயை விரிக்கும் மருந்துகளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கலாம். அவசரமில்லாத வியாதியஸ்தராயிருந்தால், "இப்போது வேண்டாம், மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இந்தக் கருவிகளின் செலவு அதிகம். நம்முடைய ஜனங்களில் பெரும்பாலானவர்களுக்கு இவை இல்லாமல்தான் வைத்தியம் நடக்கிறது, இன்னும் பல வருஷம் அப்படித்தான் நடக்கும். ஆகவே அவற்றைப்பற்றி அதிகம் பேசி உங்களை மயக்க எனக்கு விருப்பமில்லை.

மாத்திரை என்றேனே, அதைப்பற்றித்தான் பேசவேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அது.

ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒரு விஞ்ஞானி. கிராமத்துப் பிள்ளை, சிறுவயதிலேயே காளான்மேல் ஆசை. பூஞ்சைகள் தங்களைக் காத்துக்கொள்ள ஏதாவது ஒரு பொருளைச் செய்யும், அது உடம்பு கொழுப்பை உண்டாக்குவதைத் தடுக்கலாம் என்று யோசித்து, 1971-லிருந்து ஏறக்குறைய 6,000 பூஞ்சைகளைச் சோதித்தார். 1973-ல் ஒன்று அகப்பட்டது. அது கியோட்டோ நகரத்து தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்திருந்த பூஞ்சை. நம் வீட்டில் அரிசியில் பூசணம் பூத்தால் கொட்டிவிட்டு மறுவேலை பார்ப்போம்! அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்டாட்டின் என்ற மருந்து இனம். எண்டோ 2024-ல் 90 வயதில் காலமானார். உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் தினமும் விழுங்கும் மாத்திரை அது. அவர் பேரை அறிந்தவர் மிகக் கொஞ்சம்.

ஸ்டாட்டின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் கொழுப்புக் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஸ்டென்ட் வைப்பதற்குச் சற்று முன்னால் கொடுத்தாலும் பிரயோஜனம் உண்டா என்று இத்தாலிய வைத்தியர்கள் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அவர்கள் ஆய்வில் 153 பேர். அவசரமில்லாமல் ஸ்டென்ட் வைக்க வந்தவர்கள். ஒரு பாதிக்கு ஏழு நாள் முன்னதாக அட்டோர்வாஸ்டாடின் 40 மி.கி., மறுபாதிக்கு வெறும் மாவு மாத்திரை. சிகிச்சையினால் உண்டான மாரடைப்பு, மாவு மாத்திரைக்காரர்களில் 18 சதவீதம்; மருந்து சாப்பிட்டவர்களில் 5 சதவீதம். ஏழு நாளில் கொழுப்புக் கரைந்துவிடாது. குழாய்ச் சுவரின் கொதிப்பு தணிகிறது, நுண்குழாய்கள் அடியைத் தாங்குகின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கொழுப்பும் வெகுநாள் காத்திருப்பதில்லை. 2013-ல் வந்த வேறோர் ஆய்வில், ரோசுவாஸ்டாட்டின் 40 மி.கி. ஏழு வாரம் கொடுத்தபோது, அகச்சிவப்புப் படத்தில் மஞ்சள் குறைந்ததையே பார்த்தார்கள்.

எல்லாம் ஒரே பக்கமாய் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பிரேசிலில் 4,191 பேரைக்கொண்டு, மாரடைப்பு சந்தேகத்தோடு வந்தவர்களுக்கு 80 மி.கி. அட்டோர்வாஸ்டாடின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2018-ல் வெளியானது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்களில் உண்மையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களை மட்டும் பார்த்தால், விபரீதங்கள் 8.2 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாய்க் குறைந்திருந்தன. நூறில் இரண்டு பேர் என்பது சின்னக் கணக்காய்த் தோன்றலாம். சில ரூபாய்க்குக் கிடைக்கிற மாத்திரைக்கு அது சின்னக் கணக்கல்ல.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசு 2023-ல் 'இதயம் காப்போம் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ ஒருவர் வந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் 14 மாத்திரைகளைக் கொடுத்துவிடவேண்டும். ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நாலு, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. முதல் இரண்டும் ரத்தம் மேலும் உறையாமலிருக்க. மூன்றாவது, எண்டோவின் அரிசிப் பூஞ்சையின் வம்சம். கேத் லேபில் ஸ்டென்ட் விரிக்கும்போது கூழ் பிதுங்கி, துணுக்குகள் கீழே போய் ரத்தம் உறைகிறதே, அந்த நேரத்துக்கான தற்காப்பு மலையடிவாரத்திலேயே வயிற்றுக்குள் போய்விடுகிறது. இந்த உரையில் நான் சொன்ன கருவிகள், வடிகட்டிகள் எல்லாவற்றையும்விட, கல்வராயன் மலைக்காரருக்கு இந்த 14 மாத்திரைகள் பெரிது என்று நான் துணிந்து சொல்வேன். அந்த விவசாயி வந்த நாளில் இந்தத் திட்டம் இல்லை.

சிலருக்கு இவற்றைக் கொடுக்கக்கூடாது என்பதும் உண்டு. ரத்த வாந்தி, கறுப்பாய் மலம், சமீபத்தில் மூளையில் ரத்தக்கசிவு, ஆஸ்பிரின் ஒவ்வாமை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கிற மாத்திரை அல்ல இது. நிலையத்தில் கேட்டு, பார்த்து, கொடுக்கவேண்டும்.

இரண்டாவது நேரம். குழாய் அடைபட்டு மணிக்கணக்கில் ஆனால், நுண்குழாய்கள் வீங்கி உள்ளே தாமாகவே அடைபட்டுப்போகின்றன. அதன் பிறகு எவ்வளவு கைதேர்ந்தவர் ஸ்டென்ட் வைத்தாலும், ஓட்டம் நின்றுபோகும் அபாயம் அதிகம். அந்த விவசாயிக்கு நேர்ந்ததில் கொழுப்பின் பங்கு எவ்வளவு, பத்து மணி நேரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நேரத்தின் பங்கு சிறியதல்ல.

கல்வராயன் மலை சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று பரந்து கிடப்பது. ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை. 1976-ல்தான் அந்த முறை ஒழிந்தது. ரோடும் ஆஸ்பத்திரியும் சமவெளிக்கு வந்து வெகுகாலத்துக்குப் பிறகே அங்கே ஏறின. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாகி, மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனாலும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த மலை ஜனங்களின் வாழ்க்கை நிலைமையை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவேண்டியிருந்தது என்றால், நிலைமையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாய்க் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவதே ஒரு பயணம். வெள்ளிமலைக்கு வருவதற்கே நடக்கவேண்டிய குக்கிராமங்கள் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே விழுப்புரம், புதுச்சேரி; மேற்கே சேலம். மாரடைப்புக்காரருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் என்பது புத்தகத்துச் சட்டம். மலையிலிருந்து வருகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இரண்டு மணி நேரம் வழியிலேயே முடிந்துவிடும்.

அதற்கும் ஒரு விடை நம் மாநிலத்திலேயே பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முள்ளசாரி முதலானவர்கள் தமிழ்நாட்டில் நான்கு பகுதிகளில், சிறிய ஆஸ்பத்திரிகளை ஸ்டென்ட் வைக்கிற பெரிய ஆஸ்பத்திரியோடு ஆம்புலன்ஸாலும் இ.சி.ஜி. அனுப்பும் வசதியாலும் கோத்துப் பார்த்தார்கள். பக்கத்திலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிடுவது. பிறகு ஒரு நாளைக்குள் பெரிய இடத்துக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ எடுத்து, தேவையானால் ஸ்டென்ட். 2,420 வியாதியஸ்தர்கள். ஒரு வருஷத்துக்குள் மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனது. 2017-ல் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியாகி, உலகமெங்கும் படித்தார்கள். நம்மூர் 108 வண்டியையும் நம்மூர் ரோடுகளையும் வைத்துச் செய்த காரியம் என்பதால் எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

ஊசி கட்டியைக் கரைத்து, குழாய் கொஞ்சம் திறந்து, மாத்திரைகள் உடம்பில் ஊறின பிறகு ஸ்டென்ட் வைத்தால், நாங்கள் கொந்தளிக்கிற சேற்றில் கைவிடுவதில்லை. சற்றுத் தெளிந்த தண்ணீரில் வேலை செய்கிறோம். ஆகவே ஊசி போட்ட இடத்திலேயே, "வலி போயிடுச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மிகுந்த துக்கம். கொழுக்கட்டை கிழிந்தபடியே உள்ளே இருக்கிறது. அடுத்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போகவேண்டிய இடத்துக்குப் போயே ஆகவேண்டும்.

உங்களில் பலர் மலைக் கிராமங்களுக்குப் போய்வருகிறீர்கள், அங்குள்ளவர்களோடு பழகுகிறீர்கள். அவர்களிடம் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். நடு நெஞ்சில் பாரம், அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ ஓடுகிற வலி, கூடவே குளிர்ந்த வேர்வை, கால் மணி நேரம் ஆகியும் போகவில்லையென்றால் அது வாயு என்று யாரும் தீர்ப்புச் சொல்லவேண்டாம். இ.சி.ஜி. சொல்லட்டும். சர்க்கரைக்காரருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல், மூச்சிரைப்பாகவோ வாந்தியாகவோ மயக்கமாகவோ வரலாம். பஸ்ஸில் போகவேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டு, அது வருவதற்குள் பக்கத்தில் சுகாதார நிலையம் இருந்தால் அங்கே போய் அந்த 14 மாத்திரைகளைக் கேளுங்கள். என்ன கொடுத்தார்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு எங்களுக்குப் பொன்.

ஸ்டென்ட் வைத்த பிறகு உள்ள காரியம் ஒன்று. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகளை, பெரும்பாலும் ஒரு வருஷம், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து திடீரென்று அடைக்கும். அதில் உயிரிழப்பவர்கள் பலர். பல் பிடுங்க வேண்டுமென்று தானே நிறுத்தியவர்கள், திருவிழாவுக்குப் போய் மறந்தவர்கள், மாத்திரை தீர்ந்தும் மலையிறங்கப் பஸ் காசு இல்லாதவர்கள், எல்லாரையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வகையினரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வருவதில்லை. ஸ்டாட்டின் ஆயுசுக்கும். ஸ்டென்ட் வைத்தது ஓர் இடத்தில்; மெல்லிய தோல் கொழுக்கட்டைகள் குழாயில் வேறு இடங்களிலும் இருக்கலாம், அவற்றுக்கு ஸ்டென்ட் இல்லை, மாத்திரைதான். கைகால் வலிக்கிறது என்றால் தானாக நிறுத்தாமல் வந்து சொல்லட்டும். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். பீடியைப்பற்றி நான் புதிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த விவசாயி அதற்குப்பின் நாலு வருஷம் இருந்தார். மலையேறி வேலை செய்ய முடியவில்லை. நிலத்தை மகன் பார்த்துக்கொண்டான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் மனைவி மாத்திரைக்கு வருவார். வரும்போதெல்லாம் ஒரு பையில் கடுக்காயோ, ஒரு சீசாவில் மலைத்தேனோ கொண்டுவருவார். ஒருமுறை மட்டும், அடைப்பு எடுத்தும் ஏன் இளைக்கிறது என்று அன்று கேட்டீர்களே அம்மா என்று நானே தொடங்கி, மடையையும் கடைமடையையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா. நான் சோத்துல ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு இத்தனை நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஐயா, உங்கள் தம்பியின் காகிதங்கள் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். படத் தகடும் இருந்தால் நல்லது. உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம்.